எழுபத்திரண்டு

“எழுபத்திரெண்டா? அப்ப பாஸுதானே மேடம்?” என்று கேட்டார் அந்தத் தந்தை. திருச்சி காந்தி மார்க்கெட்டில் மூட்டை இறக்கும் தொழிலாளி அவர். அரைநாள் கூலியை விட்டுவிட்டுப் பள்ளிக்கு வந்திருந்தார். ஏழாம் வகுப்பில் படித்த அவருடைய மகனுக்கு நான் நடத்தியிருந்த நுண்ணறிவுச் சோதனையின் முடிவைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. “கணக்குல பதினஞ்சு, இங்கிலீஷ்ல ஒம்போதுன்னுதான் இதுவரைக்கும் பேப்பர் வந்திருக்கு. மேடம் வச்ச பரீட்சையில எழுபத்திரெண்டு எடுத்திருக்கான் பாருங்க” என்று வாசலில் நின்ற வகுப்பாசிரியையிடம் பெருமையோடு சொல்லி, மகனின் தலையைத் தடவிக் கொடுத்தார். வகுப்பாசிரியை என்னைப் பார்த்தார். நான் மேசைமேல் ஏற்கெனவே அடுக்கியிருந்த தாள்களை மறுபடி அடுக்கினேன்.

அது 2018-ஆம் ஆண்டு. அந்த அரசு உதவி பெறும் பள்ளியில் நான் உளவியலாளராகச் சேர்ந்து ஓராண்டு முடிந்திருந்தது. வாரத்தில் மூன்று நாள் அங்கே, இரண்டு நாள் வேறொரு மெட்ரிக் பள்ளியில் என்று ஏற்பாடு. விளையாட்டுச் சாமான்கள் வைத்திருந்த அறையை ஒழித்து எனக்குக் கொடுத்திருந்தார்கள். காற்றிறங்கிய பந்துகள் மட்டும் மூலையில் ஒரு வலைக்குள் தொங்கிக்கொண்டே இருந்தன. பிள்ளைகள் அதை ‘டெஸ்ட் ரூம்’ என்றார்கள், ஆசிரியர்கள் ‘கவுன்சிலிங் ரூம்’ என்றார்கள். ‘மேடம்கிட்ட அனுப்பிடுவேன்’ என்பது வகுப்பறைகளில் ஒரு மிரட்டலாகவும் புழங்கியது. என் வேலை என்ன என்பதில் எனக்கே அப்போது தெளிவில்லை. பிள்ளையை வரவழைத்துச் சோதித்து, ஓர் எண்ணைக் கண்டறிந்து, அறிக்கை எழுதித் தலைமையாசிரியரிடம் கொடுத்துவிட்டால் கடமை முடிந்தது என்றே நினைத்திருந்தேன். பயிற்சிக் காலத்தில் மருத்துவமனையில் அப்படித்தான் செய்து பழகியிருந்தோம்.

அது மதிப்பெண் அன்று என்றும், நூறு என்பது முழு மதிப்பெண்ணாக இல்லாமல் அந்த வயதுப் பிள்ளைகளின் நடுப்புள்ளியைக் குறிக்கிறது என்றும், எழுபதுக்கும் எண்பத்து நான்குக்கும் இடையே வருவதை வரம்புநிலை என்பார்கள் என்றும் அந்தத் தந்தையிடம் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். “அப்ப இவனுக்குப் படிப்பு வராதுன்னு சொல்றீங்களா?” என்றார். இல்லை என்றேன். “அப்ப என்ன செய்யணும்?” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஐந்து நிமிடத்துக்கு முன் எழுபத்திரண்டு வாங்கிய மகனின் தந்தையாக நின்றவர், ஒன்றும் கைக்குக் கிடைக்காதவராக மார்க்கெட்டுக்குத் திரும்பினார். அன்றுமுதல் பெற்றோரிடம் பேசும் வரிசையை மாற்றிக்கொண்டேன். பிள்ளை எதைச் செய்வதை என் கண்ணால் பார்த்தேன் என்பதை முதலிலும், எங்கே தடுக்கி விழுகிறான் என்பதை அடுத்தும், வரும் திங்கட்கிழமை முதல் வீட்டிலும் வகுப்பிலும் எதை மாற்றப் போகிறோம் என்பதை அதன் பிறகும் சொல்கிறேன். எண்ணைக் கேட்டால் மட்டுமே சொல்கிறேன். சொல்லும்போதும் ஒற்றை எண்ணாகச் சொல்லாமல், ஐந்து புள்ளி மேலே கீழே போகக்கூடிய ஓர் எல்லையாகச் சொல்கிறேன்.

இந்த எண்ணுக்கே சிறப்புக் கல்வியோடு ஒரு பழைய உறவு உண்டு. சாதாரண வகுப்பில் பாடம் ஏறாத பிள்ளைகளை எப்படி அடையாளம் காண்பது என்று ஆராய 1904-இல் பிரெஞ்சு அரசு அமைத்த குழுவில் உளவியலாளர் ஆல்பிரட் பினே இருந்தார். அந்தத் தேவைக்காகவே அவரும் அவரோடு பணிபுரிந்த சிமோனும் 1905-இல் முதல் அளவுகோலை உருவாக்கினார்கள். கூடுதல் உதவி யாருக்கு வேண்டும் என்று கண்டுபிடிக்கத்தான் அது பிறந்தது. எனக்குப் பள்ளியில் கொடுத்திருந்த பெட்டியில் இருந்தது, நாக்பூரில் மாலின் என்பவர் 1969-இல் இந்தியப் பிள்ளைகளுக்காகத் தழுவி அமைத்த சோதனை. ஆறு வயது முதல் பதினைந்து வயது வரை உள்ளவர்களுக்கு உரியது. ஒழுங்காக நடத்தினால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதன் ஒப்பீட்டு அளவுகள் என் பிறப்புக்கும் முந்தியவை என்பதைப் பெட்டியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு நானே நினைவூட்டிக்கொள்வேன்.

சோதனை நடந்த நாளை இப்போது எண்ணிப் பார்த்தால் வெட்கமாக இருக்கிறது. சிவப்பும் வெள்ளையுமான மரக்கட்டைகளை அடுக்கி, அட்டையில் உள்ள வடிவத்தைக் கொண்டுவரும் பகுதி அது. முதல் நான்கு வடிவங்களை விரைவாக முடித்துவிட்டான். ஐந்தாவதில் கட்டையைக் கையில் உருட்டியபடியே கண் சொருகிவிட்டான். தட்டி எழுப்பி, தண்ணீர் குடிக்க வைத்துத் தொடர்ந்தேன். காலையில் எத்தனை மணிக்கு எழுந்தான் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. விடிகாலை மூன்றரை மணிக்கு அப்பாவோடு மார்க்கெட்டுக்குப் போய், வெங்காய மூட்டைகளுக்குக் கணக்குச் சொல்லிவிட்டு, அங்கிருந்து நேரே பள்ளிக்கு வந்திருந்தான் என்பது இரண்டு வாரம் கழித்து அவன் தாய் சொல்லித்தான் தெரிந்தது. ஆக, எழுபத்திரண்டு என்பது ஒரு பாதித் தூக்கத்தின் கணக்கும் கூட. அதே சோதனையை உடனே மறுபடி நடத்தவும் முடியாது. பிள்ளைக்குக் கேள்விகள் பழகிப்போயிருக்கும். இப்போதெல்லாம் சோதனைத் தாளின் மேல்மூலையில் மூன்று விவரங்களை எழுதாமல் தொடங்குவதில்லை: எத்தனை மணிக்கு எழுந்தான், என்ன சாப்பிட்டான், எதற்காக இங்கே அனுப்பினார்கள் என்று அவன் நினைக்கிறான். மூன்றாவதற்கு வரும் பதில்களை மட்டும் தொகுத்தால் தனியே ஒரு கட்டுரை எழுதலாம். ‘ஊசி போட’ என்பதில் தொடங்கி ‘ஸ்கூலை விட்டு அனுப்ப’ என்பது வரை கேட்டிருக்கிறேன்.

அந்தப் பையன் எழுபத்திரண்டில் நின்றதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. அறிவுசார் குறைபாடும், வாசிப்பது, எழுதுவது, கணக்குப் போடுவது போன்றவற்றில் மட்டும் தடுக்கும் கற்றல் குறைபாடும் அவற்றில் அடக்கம். ஆனால் சலுகைகள் பெரும்பாலும் 40 விழுக்காட்டுக்குக் குறையாத குறைபாடு என்று சான்று பெற்றவர்களுக்கே உரியவை. நுண்ணறிவு ஈவு, அதாவது நான் சொல்லிவந்த அந்த எண், எழுபதுக்குக் கீழே இருந்து, அன்றாட வாழ்க்கைத் திறன்களும் குறைந்திருந்தால் அறிவுசார் குறைபாட்டுக்கு வழி உண்டு. கற்றல் குறைபாடு என்று போனால், 2018 ஜனவரியில் மத்திய அரசு வெளியிட்ட மதிப்பீட்டு நெறிமுறை ஈவு 85-ஐத் தாண்டியவர்களையே அடுத்த கட்டச் சோதனைக்கு அழைத்துச் சென்றது. இடையில் நிற்பவனுக்கு இந்தக் கதவும் இல்லை, அந்தக் கதவும் இல்லை. கூடுதல் நேரம் இல்லை, சொல்வதை எழுதுபவர் இல்லை, மொழிப்பாட விலக்கு இல்லை. பெரும்பாலோர் நடுவிலும் சிலர் மட்டுமே ஓரங்களிலும் விழும் மணிவடிவ வளைகோட்டின்படி பார்த்தால் நூறு பிள்ளைகளில் ஏறத்தாழ 13, 14 பேர் இந்த இடைவெளியில் இருப்பார்கள். நாற்பது பேர் உள்ள வகுப்பில் ஐந்தாறு பேர். ஆசிரியர்கள் இவர்களை ‘ஸ்லோ லேர்னர்’ என்று ஒரு பெயரிட்டுக் கடைசி வரிசையில் உட்கார வைத்திருப்பார்கள். சான்றிதழ் கிடைத்த பிள்ளைக்குப் பின்னால் ஒரு சட்டமாவது நிற்கிறது. இவர்களுக்குப் பின்னால் நிற்பதற்கு பள்ளியில் ஓர் உளவியலாளர் இருந்தால்தான் உண்டு என்பதே எட்டு ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்ததில் நான் வந்து சேர்ந்திருக்கும் முடிவு.

இதை உணர்ந்துதான் அப்போது வேலை செய்தேன் என்று சொல்ல மாட்டேன். அந்தப் பையனைப் பற்றிப் பன்னிரண்டு பக்க அறிக்கையை ஆங்கிலத்தில் எழுதினேன். ‘செயல்படு நினைவாற்றலில் குறைபாடு’ என்று அடிக்கோடிட்டிருந்தேன். கேட்டதை மனதில் பிடித்து வைத்துக்கொண்டே அதன்படி செய்யும் திறன் குறைவு என்பது அதன் பொருள். பொங்கல் விடுமுறை முடிந்து தலைமையாசிரியர் அறையில் வேறொரு கோப்பைத் தேடும்போது அது பீரோவின் கீழ்த்தட்டில், நான் ஒட்டிய உறை பிரியாமல், அப்படியே கிடந்தது. கோபம் வந்தது. பிறகு உறையைப் பிரித்து ஓர் ஆசிரியையின் கண்ணால் படித்துப் பார்த்தேன். நாளைக் காலை இரண்டாம் பிரிவேளையில் என்ன செய்ய வேண்டும் என்று அதில் ஒரு வரிகூட இல்லை.

அதன் பிறகுதான் அவன் வகுப்பில் மூன்று நாள் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். முதல் நாள் பிள்ளைகள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள், மூன்றாம் நாள் ஒருவன் என்னிடம் ரப்பர் கடன் கேட்டான். அப்போதுதான் பார்க்க வேண்டியது கண்ணில் படத் தொடங்கியது. தமிழாசிரியை, ஓய்வுபெற இரண்டு ஆண்டுகளே இருந்தவர், கனிவானவர், வகுப்பில் நுழைந்ததும் இப்படிச் சொன்னார்: “புத்தகத்தை மூடி வச்சிட்டு, நோட்டை எடுத்து, தேதி போட்டு, நேத்து நடத்தின பாடத்துலருந்து அஞ்சு வினா எழுதி, ரெண்டாவதுக்கு மட்டும் விடை எழுதுங்க.” ஒரே மூச்சில் ஐந்து கட்டளை. அவன் புத்தகத்தை மூடினான், நோட்டை எடுத்தான், அதோடு நின்றுவிட்டான். பிறகு பக்கத்துப் பையனின் கையையே பார்த்தான். அவன் தேதி போட்டால் இவனும் போட்டான். இவன் கவனம் திரும்புவதற்குள் அவன் மூன்றாம் வினாவுக்குப் போயிருந்தான். அதை இவன் முதல் வினாவாக எழுதினான். ஆசிரியை வந்து பார்த்து, “கவனம் எங்கடா இருக்கு உனக்கு?” என்றார். அந்த வகுப்பிலேயே மிகக் கூர்ந்த கவனத்தோடு இருந்தவன் அவன்தான். என் சோதனையில் எண்களைக் கேட்டு அப்படியே திருப்பிச் சொல்லும் பகுதியில் நான்கு எண்கள் வரை சொன்னான், பின்னிருந்து சொல்லும்போது இரண்டோடு நின்றான். பன்னிரண்டு பக்கத்தில் நான் அடிக்கோடிட்ட ‘செயல்படு நினைவாற்றல்’ என்பது வகுப்பறையில் எப்படி இருக்கும் என்பதை அன்றுதான் நேரில் பார்த்தேன்.

அவன் நோட்டுகள் அழகாக இருக்கும். முத்து முத்தான கையெழுத்து. கரும்பலகையில் உள்ளது ஒன்று விடாமல் இருக்கும். “நோட்டு பளிச்சுனு வச்சிருக்கான், வேணும்னே படிக்க மாட்டேங்கிறான்” என்று ஆசிரியர்கள் சொல்லக் காரணம் அதுதான். பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினேன். ஒரு முறை நிமிர்ந்து பார்த்து ஓர் எழுத்தை எழுதினான். மறுபடி நிமிர்ந்து அடுத்ததை எழுதினான். ‘கொடுத்தான்’ என்ற சொல்லில் ‘கொ’வுக்கு மட்டும் மூன்று முறை நிமிர்ந்தான். கோலத்தைப் பார்த்துப் போடுவதுபோல எழுத்தைப் பார்த்துப் போட்டான். எழுதியதை வாசிக்கச் சொன்னால் முதல் வரியைத் தாண்டவில்லை.

அவன் தாயை அழைத்து உட்கார வைத்து, அன்றாட வாழ்க்கைத் திறன்களை அளக்கும் வைன்லாண்டு சமூக முதிர்ச்சி அளவைக்கான கேள்விகளைப் பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். சோறு வடிப்பான், தங்கச்சியைத் தூக்கிக்கொண்டு ரேஷன் கடைக்குப் போவான், இருநூறு ரூபாய்க்குச் சில்லறை தப்பாமல் கொண்டு வருவான், மார்க்கெட்டில் எந்த மூட்டை எந்தக் கடைக்கு என்பதை அப்பாவுக்கே நினைவுபடுத்துவான் என்றார். அந்த அளவையில் அவன் வயதுக்கு ஏற்ற இடத்திலேயே இருந்தான். எழுபத்திரண்டு என்ற ஒற்றை எண்ணோடு அந்தத் தந்தையை அனுப்பிவைத்த எனக்கு, இந்த ஒரு மணி நேரப் பேச்சை அதற்கு முன்பே நடத்தியிருக்க வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது.

புதிதாக எழுதியது தமிழில் ஒரே பக்கம். கட்டளையை இரண்டு இரண்டாகப் பிரித்துச் சொல்லுங்கள், சொன்னதை அவனைத் திருப்பிச் சொல்ல வையுங்கள் என்பது முதல் செய்தி. கரும்பலகையிலிருந்து எழுதும் பகுதியைப் பாதியாகக் குறைத்து, எழுதியதை விரல் வைத்து வாசிக்க வையுங்கள் என்பது அடுத்தது. கணக்கில் சொற்கணக்குகளை முதலில் ரூபாயிலும் கிலோவிலும் கொடுத்துவிட்டுப் பிறகு மற்றவற்றுக்குப் போங்கள் என்பது மூன்றாவது. அதை உறையில் போடவில்லை. ஆசிரியர் அறையில் மதிய உணவு முடிந்து எல்லோரும் டப்பாவைக் கழுவி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் பதினைந்து நிமிடத்தில் எடுத்துப் போனேன். கணக்கு ஆசிரியை நேராகவே கேட்டார்: “நாப்பத்தஞ்சு பேர் இருக்காங்க மேடம். இவன் ஒருத்தனுக்காகத் தனியா என்ன செய்ய முடியும்?” நியாயமான கேள்வி. உளவியலாளர்கள் எழுதும் பரிந்துரைகளில் பாதிக்கு மேல், ஒரு பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் இருக்கும் உலகத்துக்கு உரியவை. தனியாக ஒன்றும் வேண்டாம், எல்லோருக்குமே இரண்டு இரண்டாகச் சொல்லிப் பாருங்கள் என்றேன். மூன்று வாரம் கழித்து அவரே என் அறைக்கு வந்து, கடைசி வரிசையில் இன்னும் நாலைந்து பேர் இப்போது கேட்காமலே நோட்டை எடுக்கிறார்கள் என்றார். மேலே சொன்ன ஐந்தாறு பேர்தான் அவர்கள். தமிழாசிரியை மட்டும் “இருபத்தெட்டு வருஷமா இப்படித்தான் சொல்றேன், இனிமேலா மாத்துறது?” என்று சிரித்தார், ஆனாலும் அவனை முதல் பெஞ்சுக்கு மாற்றி, ஒவ்வொரு கட்டளைக்கும் அவன் மேசையில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போவதை வழக்கமாக்கிக்கொண்டார். அது என் ஒரு பக்கத் தாளில் இல்லாத யோசனை. நான் எழுதிக் கொடுத்ததை விட நன்றாகவே வேலை செய்தது.

மாற்றுத்திறன் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் சிறப்பாசிரியையிடம் நான் கற்றதையும் சொல்ல வேண்டும். வட்டார வள மையத்திலிருந்து பல பள்ளிகளுக்குமாகச் சேர்த்து ஒருவர் வருவார். எங்கள் பள்ளிக்கு அவருடைய நாள் வியாழக்கிழமை. ஒரு சிறுமிக்கான தனிநபர் கல்வித் திட்டத்தில் ‘வாசிப்புத் திறனை மேம்படுத்துதல்’ என்று இலக்கு எழுதிக் கொடுத்தேன். “இதை வச்சு வியாழக்கிழமை நான் என்ன பண்ணட்டும்?” என்று கேட்டுவிட்டு, அவரே பேனாவை வாங்கி, ‘அரையாண்டுத் தேர்வுக்குள் மூன்று வரிப் பத்தியை வாசித்து, யார், எங்கே, என்ன என்ற மூன்று கேள்விக்கு வாயால் விடை சொல்வாள்’ என்று மாற்றி எழுதினார். என் சோதனை பிள்ளை எங்கே தடுக்குகிறாள் என்று சொல்லும். அந்த இடத்தில் கையைப் பிடித்து ஏற்றிவிடுவது அவருடைய தொழில். இரண்டையும் ஒருவரே செய்துவிடலாம் என்று சில நிர்வாகங்கள் நினைத்து ஒரு பணியிடத்தை மட்டும் வைத்துக்கொள்வது, கண் பரிசோதகரிடமே கண்ணாடியையும் செய்யச் சொல்வது போன்றது. எழுபத்திரண்டு வாங்கிய பையன் அவருடைய பட்டியலில் இல்லை. பட்டியலில் சேர்க்கச் சான்றிதழும் இல்லை. “சும்மா வந்து ஓரமா உக்காரட்டும்” என்றார். வியாழக்கிழமைதோறும் அவன் சும்மா வந்து உட்கார்ந்தான்.

கண்ணாடி என்றதும் நினைவுக்கு வருவது, 1896-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் லைட்னர் விட்மர் முதல் உளவியல் மருத்துவகத்தைத் தொடங்கியபோது அவரிடம் வந்த முதல் பிள்ளை. எழுத்துக்கூட்டத் தெரியாதவன் என்று ஓர் ஆசிரியை கூட்டி வந்த பையன் அவன். விட்மர் கண்டறிந்தவற்றில் ஒன்று, அவன் கண்ணில் குறை இருந்தது. கண்ணாடி மட்டுமே எல்லாவற்றையும் தீர்த்துவிடவில்லை, ஆனால் தொடக்கம் அதுதான். எங்கள் துறையின் முதல் கோப்பிலேயே இருக்கும் இந்தப் பாடத்தை நான் ஓர் ஆண்டு தாமதமாகக் கற்றேன். மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி எதிரே உட்கார்ந்து பேசினால் மணியாகப் பதில் சொல்வாள், ஆசிரியை கரும்பலகைப் பக்கம் திரும்பிச் சொன்னால் எழுதவே மாட்டாள். ‘மூடு இருந்தால் எழுதுவாள்’ என்று அவளைப் பற்றி ஒரு பேச்சு இருந்தது. அவள் காதில் அடிக்கடி சீழ் வடியும் என்பதைப் பாட்டி போகிற போக்கில் சொன்னார். அரசு மருத்துவமனையில் காது மூக்குத் தொண்டைப் பிரிவுக்கு அனுப்பினோம். இரண்டு காதுமே பாதி கேட்கும் நிலையில் இருந்தது. அவள் ஆசிரியையின் உதட்டைப் பார்த்தே இரண்டு ஆண்டுகள் ஓட்டியிருக்கிறாள். கண்ணும் காதும் பார்க்காமல் என் பெட்டியைத் திறப்பதில்லை என்பது அதற்குப் பிறகு வந்த விதி.

கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைகளின் கதை வேறு மாதிரி. அவர்களுக்குச் சான்றிதழ் உண்டு, ஆனால் அதை வாங்கப் பெற்றோர் அஞ்சுவார்கள். ஒரு தாய், எட்டாம் வகுப்பில் மகள் படித்துக்கொண்டிருக்கும்போதே, “நாளைக்குக் கல்யாணம்னு வரும்போது இந்தக் காகிதத்தை எவனாவது எடுத்துக் காட்டுனா?” என்று கேட்டார். அந்தப் பெண் அறிவியலை வாயால் கேட்டால் ஆசிரியரே அசரும்படி விளக்குவாள். எழுதும்போது மூன்று சுழி ‘ண’வும் இரண்டு சுழி ‘ன’வும் இடம் மாறும், ‘ல’, ‘ள’, சிறப்பு ‘ழ’ மூன்றும் ஒன்றாகிவிடும். அதையெல்லாம் பல பிள்ளைகள் செய்வார்கள். அதை வைத்து முடிவு செய்யக் கூடாது. அவளுடைய உண்மையான தடை வேறு. ‘கெ’, ‘கே’, ‘கொ’, ‘கோ’ போன்றவற்றில் மெய்க்கு முன்னால் நிற்கும் கொம்பைப் பின்னால் ஒலிக்க வேண்டும் என்பது ஏழாண்டுப் பள்ளிப் படிப்புக்குப் பிறகும் அவளுக்குத் தானாக வரவில்லை. ஒவ்வொரு முறையும் நின்று யோசித்தாள். நான் பயன்படுத்திய சோதனைத் தொகுப்பின் வாசிப்புப் பத்திகள் ஆங்கிலத்தில் இருந்தன. தமிழ் வழியில் படிக்கும் பிள்ளையை அதை மட்டும் வைத்து அளந்தால், குறைபாட்டையும் பழக்கமின்மையையும் பிரிக்க முடியாது. அதனால் ஒன்று முதல் எட்டு வரையான தமிழ்ப் பாடநூல்களிலிருந்து வகுப்புக்கு இரண்டு பத்திகளை எடுத்துத் தட்டச்சு செய்து, அதே பள்ளியில் நன்றாகப் படிக்கும் பிள்ளைகளையும் நடுத்தரமாகப் படிக்கும் பிள்ளைகளையும் வாசிக்க வைத்து, நேரத்தையும் பிழைகளையும் குறித்து, எனக்கென்று ஓர் ஒப்பீடு வைத்திருக்கிறேன். அதைச் சான்றாக யாரும் ஏற்க மாட்டார்கள். எனக்கு வழி காட்ட அது போதும்.

சான்றிதழை நான் தர முடியாது, அரசு மருத்துவக் குழுதான் தர வேண்டும். எட்டு வயதுக்கு மேல்தான் தருவார்கள். 14 வயதிலும் 18 வயதிலும் மறுபடி பார்ப்பார்கள் என்பது 2018 நெறிமுறை. பத்தாம் வகுப்புப் பிள்ளையை ஜனவரியில் அழைத்து வந்து ‘பப்ளிக்குக்கு ஸ்கிரைப் வேணும்’ என்று கேட்பவர்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு. அந்த அவசரத்தில் கிடைத்தாலும், சொல்லி எழுதவைப்பது என்பது தனிப் பழக்கம். நிறுத்தற்குறி முதல் படத்தின் அம்புக்குறி வரை வாயால் சொல்லத் தெரிய வேண்டும். மேலே சொன்ன பெண்ணுக்கு எட்டாம் வகுப்பிலேயே தொடங்கினோம். அவள் தாயைச் சம்மதிக்க வைத்தது என் வாதம் அன்று. அந்தக் காகிதத்தை யாரிடம் காட்டுவது, காட்டாதிருப்பது என்பது உங்கள் கையில்தான் இருக்கும் என்று தலைமையாசிரியர் பொறுமையாகச் சொன்னதுதான்.

இன்னொன்றைச் சொல்லாமல் விட்டால் இந்த அனுபவம் நேர்மையாக இருக்காது. நான் வாரம் இரண்டு நாள் போய்க்கொண்டிருந்த மற்றொரு பள்ளியில், எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனைப் பற்றி அறிக்கை கேட்டார்கள். ‘சிறப்புப் பயிற்சி கிடைக்கும் இடத்தில் இவன் மேலும் பயன்பெறக்கூடும்’ என்று எழுதினேன். பள்ளிக்குள்ளேயே அந்தப் பயிற்சியை ஏற்பாடு செய்யுங்கள் என்பது என் எண்ணம். அடுத்த பத்தியில் அதை விரிவாகவும் எழுதியிருந்தேன். நிர்வாகம் அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் பெற்றோரிடம் காட்டி, ‘உளவியலாளரே சொல்லிவிட்டார்’ என்று மாற்றுச் சான்றிதழை வாங்கிக்கொண்டு போக வைத்துவிட்டது. எட்டாம் வகுப்பு வரையான தொடக்கக் கல்வி முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியை விட்டு நீக்கக் கூடாது என்று 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. பெற்றோரே கேட்டு வாங்கிக்கொண்டதாகக் கடிதம் இருந்தால் அது நீக்கம் ஆகாது. எனக்கு விவரம் தெரியும்போது அவன் வேறு எங்கும் சேராமல் ஒரு டீக்கடையில் நின்றான். அந்த ஆண்டோடு அங்கே போவதை நிறுத்திவிட்டேன். அது அவனுக்கு எந்த வகையிலும் உதவவில்லை. இப்போது அறிக்கை எழுதி முடித்ததும் ஒவ்வொரு வாக்கியத்தையும் தனியே வெட்டி எடுத்து, பிள்ளைக்கு எதிராக நிற்கக்கூடிய ஒருவர் கையில் கொடுத்தால் என்ன ஆகும் என்று படித்துப் பார்க்கிறேன். பள்ளி சம்பளம் தருகிறது என்பதற்காக அறிக்கை பள்ளிக்கு உரியதாகிவிடாது என்பதையும், பெற்றோருக்கு ஒரு பிரதி என் கையாலேயே போய்ச் சேர வேண்டும் என்பதையும் வேலைக்குச் சேரும்போதே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. புதிதாக வரும் இளையவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

எழுபத்திரண்டு வாங்கிய பையன் எட்டாம் வகுப்பை முடிக்கும் நேரத்தில் 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. அவன் முழுநேரமாக மார்க்கெட்டுக்குப் போய்விட்டான். ஒன்பதாம் வகுப்பு தேர்வில்லாமலே கடந்தது. 2021 செப்டம்பரில் பள்ளி திறந்தபோது அவன் பெயரை வருகைப் பதிவேட்டில் கூப்பிட்டால் பதில் வராது என்றே நினைத்தேன். கணக்கு ஆசிரியை அவன் அப்பாவுக்கு மூன்று முறை போன் செய்தார் என்று பிறகு தெரிந்தது. மீசை அரும்பி, என்னை விட உயரமாகி வந்து நின்றான். பத்தாம் வகுப்பில் எந்தச் சலுகையும் இல்லாமல் எல்லோரையும்போல எழுதினான். கணக்கில் முப்பத்தேழு, தமிழில் நாற்பத்தொன்று. ஐடிஐயில் வெல்டர் பிரிவில் சேர்ந்தான்.

போன ஆண்டு ஜூலையில் அவன் தந்தை மறுபடி என் அறைக்கு வந்தார். அறை மாறவில்லை, பந்துகள் மட்டும் இப்போது இல்லை. மூன்றாம் வகுப்பில் படிக்கும் மகளைக் கையில் பிடித்திருந்தார். உட்கார வைத்து, என்ன சிரமம் அண்ணே, டீச்சர் ஏதாவது சொன்னாங்களா என்று கேட்டேன். “ஒண்ணும் சொல்லல மேடம். அவனுக்குப் பார்த்த மாதிரி இவளுக்கும் அந்த டெஸ்ட்டை வச்சிடுங்க. இவ அவனைவிடக் கூடவே வாங்குவா” என்றார். நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது அந்தச் சிறுமி சுவரில் ஒட்டியிருந்த தட்டம்மைத் தடுப்பூசி விளம்பரத்தை முதல் வரியிலிருந்து தொலைபேசி எண் வரை சத்தமாக வாசித்து முடித்துவிட்டு, அடுத்த சுவரொட்டிக்குப் போயிருந்தாள். காலையில் என்ன சாப்பிட்டாய் என்று மட்டும் அவளைக் கேட்டேன். இட்லி என்றாள். மூன்றாம் பிரிவேளைக்கு மணி அடித்தது, வகுப்புக்கு அனுப்பிவைத்தேன்.